அரை மணி வேலை

சீயக்காய்க் கிண்ணம் கை மாறிக்கொண்டே வந்தது. பங்காளிகள் வைத்தாயிற்று, அக்கம்பக்கத்தார் வைத்தாயிற்று. ஆளுக்கொரு விரல் எண்ணெய், ஆளுக்கொரு வழிப்பு சீயக்காய் என்று நாகமுத்துவின் தலையில் வைத்துவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு நகர்ந்தார்கள். முன்பக்கச் சந்து குறுகல் என்பதால் பின்பக்கம் கிணற்றடியில், துவைக்கிற கல்லை ஒட்டிப் பலகை போட்டு அவன் உடலை உட்கார வைத்திருந்தார்கள். எல்லாம் அண்ணன் அருணாச்சலத்தின் ஏற்பாடு. நாகமுத்துவின் மகன் சேகர் பக்கத்து வீட்டுக் கயிறு வாங்கி நாலு குடம் தண்ணீர் இறைத்து வரிசையாக வைத்திருந்தான்.

கடைசியாக வைக்க வேண்டியவள் மனைவி செங்கம்மாள். நாத்தனார் பூவம்மாள் தோளைத் தாங்கி அவளை நடத்தி வந்தாள். தம்பி சுப்பிரமணி கொண்டுவந்து போர்த்திய பிறந்த வீட்டுக் கோடிப் புடவை மொடமொடவென்று தோளில் நின்றது. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. முப்பது வருஷம் கூட இருந்த ஆள். அழாமல் இருக்க அவள் என்ன கல்லா?

ஆனால் குனிந்தபோது அவள் கண்ணில் பட்டது அந்தத் தலை இல்லை. பலகைக்குக் கீழே, தளத்தின் ஓரத்தில், ஒரு சாண் அகலத்துக்குத் திறந்து கிடந்த, மீன் குட்டைக்குப் போகிற வாய்க்கால்தான். அதை அடைக்கிற செங்கல்லைக் காணோம்.

நாகமுத்து பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்தில் பிறந்தவன். அறுபத்திரண்டாம் வருஷம் ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கிற கேங்மேன் வேலை கிடைத்துக் கவரைப்பேட்டைக்கு வந்த பிறகும், மீன் துள்ளுவதைப் பார்க்காவிட்டால் அவனுக்குப் பொழுது விடியாது. வீட்டுக்குப் பின்னால் குட்டை வெட்டி, சோழவரம் ஏரியிலிருந்து குடத்தில் கெண்டைக் குஞ்சு கொண்டுவந்து விட்டான். டூட்டிக்குப் போகுமுன் தினமும் இரண்டு மணி நேரம் அதற்கே போய்விடும். முப்பது குடம் தண்ணீர் சுமப்பான். விழுந்த புங்க இலையைக் கரையில் குந்தி ஒவ்வொன்றாகக் கையாலேயே பொறுக்குவான். "நைனா பெத்த புள்ளைங்க அந்தக் கெண்டைங்கதான், நானு தத்து" என்று சேகர் கேலி செய்வான்.

நாலு மாதத்துக்கு முன் வயிற்றில் கட்டி என்று படுத்தான். பட்டணத்து ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். கயிற்றுக் கட்டிலைப் பின்கதவோரம் போடச் சொன்னான். குட்டை தெரிய வேண்டுமாம். அவனைத் துடைத்துக் கஞ்சி ஊட்டிவிட்டு, எட்டு மணிச் சங்குக்கு ரைஸ் மில்லுக்கு ஓடுகிறவளுக்குக் குட்டைக்கென்று இரண்டு மணி நேரம் எங்கிருந்து வரும்? மூடிவிடலாம் என்றார் அருணாச்சலம். படுத்திருந்தவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். எலும்பு துருத்திய அந்த முதுகைப் பார்த்தாள் செங்கம்மாள். குட்டை இருக்கும், வேலையைத்தான் குறைக்க வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தாள்.

குட்டைமேல் கவிந்திருந்த புங்கமரக் கிளையை வெட்டித் தள்ளினாள். நாற்பது மீனில் பதினைந்தை வைத்துக்கொண்டு மிச்சத்தை அக்கம்பக்கத்தில் கொடுத்தாள். மீன் குறைந்தால் தீனியும் குறையும், தண்ணீரும் சீக்கிரம் கெடாது. இலை அள்ள நீளக் கழியில் கொசுவலைத் துணி கட்டினாள். கிணற்றடியிலிருந்து குட்டைக்கு வாய்க்கால் கீறி சிமெண்டு பூசினாள். இறைத்த தண்ணீரை அங்கேயே கவிழ்த்தால் தானாக ஓடிவிடும், சுமக்க வேண்டாம். குளிக்கும்போதும் துவைக்கும்போதும் வாயில் ஒரு செங்கல்லைச் சொருகினால் அழுக்குத் தண்ணீர் பக்கத்திலிருந்த வாழைமரங்களுக்குத் திரும்பிவிடும்.

ஒவ்வொன்றுக்கும் அவன் கட்டிலிலிருந்து முணுமுணுத்தான். வாய்க்காலுக்கு ரொம்பவே.

"ஒரு நாளிக்கி அடைக்க மறந்துடுவே. சீயக்கா தண்ணி எறங்கிச்சின்னா அத்தினியும் வாயப் பொளந்துக்கினு மெதக்கும். ஞாபகம் கீதில்ல?"

ஞாபகம் இல்லாமல் என்ன? குட்டை வெட்டிய வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை அவள் தலைக்குக் குளித்த தண்ணீர் கரை வழியாக இறங்கி ஆறு கெண்டை செத்து மிதந்தது. இரண்டு நாள் அவன் பேசவில்லை.

"மறக்கமாட்டேன். நீ கம்னு படுய்யா."

"நான் இல்லன்னா அது ஒரு வாரம் தாங்காது, செங்கம்மா."

"தாங்கும். அர மணி வேலதான். பாத்துக்கினே இரு."

இன்று விடிந்ததும் வழக்கம்போலச் செங்கல்லை எடுத்துவைத்துவிட்டு ஒன்பது குடம் ஊற்றினாள். பத்தாவது குடத்தைக் கிணற்றில் இறக்கும்போது கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். அவன் கண் குட்டைமேலேயே இருந்தது. இமைக்கவில்லை. கயிறு அவள் கையைவிட்டு நழுவிக் குடத்தோடு உள்ளே போனது. அதற்குப் பிறகு செங்கல்லை யார் நினைக்கப் போகிறார்கள்?

அருணாச்சலம் முதல் குடத்தைத் தூக்கியிருந்தார்.

"ஊத்தாதீங்க மாமா!"

தூக்கிய குடத்தோடு அவர் திரும்பினார்.

"இன்னாம்மா?"

"இங்க கெடந்த செங்கல்லு எங்க?"

"கொள்ளிச்சட்டி வெக்க மூணு கல்லு வேணும்னு நான்தான் எடுத்துக்கினு போனேன். வாசல்ல எரிஞ்சிக்கினு கீது. இந்நேரத்துல செங்கல்லு இன்னாத்துக்கு?"

"மீனுக்கு."

"அண்ணி, வா அண்ணி" என்று பூவம்மாள் கையைப் பிடித்து இழுத்தாள். "புருசன் பொணமா உக்காந்துகினு கீறான், இவளுக்கு மீனு கேக்குது பாரேன்" என்று பின்னால் ஒருத்தி சொன்னது நன்றாகவே காதில் விழுந்தது. விழட்டும். தலையிலிருந்து வழிந்த சீயக்காய் அவன் முதுகில் இறங்கி, பலகையில் சொட்டி, தளத்தில் பழுப்புக் கோடாக வாய்க்காலைப் பார்த்து நகர ஆரம்பித்திருந்தது.

கையை உதறிக்கொண்டு மண்டியிட்டாள். தோளிலிருந்த கோடிப் புடவையை உருவிச் சுருட்டி வாய்க்கால் வாயில் திணித்தாள். வாழையடியிலிருந்து சேற்றை வாரி வந்து அதன்மேல் முஷ்டியால் குத்திக் குத்தி அடைத்தாள்.

"அக்கா, அது கோடிக்கா" என்றான் சுப்பிரமணி.

"துணிதானேடா. தொவச்சா போவும்."

அவளுக்கு வெட்கமாக இல்லை. புருஷன் சொன்னது பலித்துவிடக் கூடாது, அதிலும் இன்றைக்குப் பலிக்கவே கூடாது. பதினைந்தும் மிதந்தால், எஜமானோடு மீனும் போய்விட்டது என்று ஊர் சொல்லும். குட்டையை மூட நாளைக்கே மண் வண்டி வந்து நிற்கும்.

எழுந்து கையைக் கழுவினாள். எண்ணெயைத் தொட்டு அவன் உச்சியில் வைத்தாள். சீயக்காயை வைத்தாள். நெற்றி சில்லென்றிருந்தது. அங்கேயே கொஞ்ச நேரம் கையை வைத்திருந்தாள்.

"இப்ப ஊத்துங்க மாமா. நல்லா ஊத்துங்க."

நுரைத்த தண்ணீர் புடவையில் முட்டி, தயங்கி, வாழைப்பக்கம் திரும்பியது.

சாயங்காலம் சுடுகாட்டிலிருந்து திரும்பிய அருணாச்சலம் ஈரத்தலையோடு அவள் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"காரியத்துக்கு மறுநாள் கறிசோறு போடணும். அந்த மீனையே புடிச்சிடலாம். அப்பால ஒரு லோடு மண்ணு அடிச்சி மூடிடலாம். ஒண்டியா நீ எத்தினி பேஜாருதான் படுவே?"

"அர மணி வேல மாமா. அவ்ளோதான். நான் பாத்துக்கறேன்."

"இன்னிக்கி சொல்லுவே. அப்பறம்?"

"மூட வாணாம் மாமா."

குரலை உயர்த்தவில்லை. அவர் அவள் முகத்தைப் பார்த்தார், நகக்கண்ணில் இன்னும் போகாமலிருந்த சேற்றைப் பார்த்தார். துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

மறுநாள் காலையில் பால் தெளிக்கச் சுடுகாட்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள். செங்கம்மாள் பின்பக்கம் வந்தாள். கோடிப் புடவையை யாரோ அலசி வேலியில் போட்டிருந்தார்கள். சேற்றுக் கறை போகவில்லை. வாய்க்கால் வாயில் செங்கல் கச்சிதமாகச் சொருகியிருந்தது. அதன் ஒரு பக்கம் கரிபிடித்துக் கறுத்திருந்தது. கொஞ்சம் தள்ளி அருணாச்சலம், தனக்கும் அதற்கும் சம்பந்தமில்லாதவர்போல, பீடியை இழுத்தபடி வேலிக்கு அப்பால் தெரிந்த தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செங்கல்லை எடுத்தாள். பத்துக் குடம் இறைத்து ஊற்றினாள். தவிட்டு உருண்டையைப் போட்டுவிட்டு நின்றாள். தண்ணீர் அசையவில்லை. குனிந்து பார்த்தாள். பிறகு ஒரு வாய் மேலே வந்து தவிட்டைக் கவ்விக்கொண்டு போனது. அடுத்து இன்னொன்று. எண்ணினாள். விட்டுப் போனதோ என்று மறுபடி எண்ணினாள். பதினைந்தும் இருந்தன.

"பாத்தியாய்யா?" என்று பின்கதவுப் பக்கம் திரும்பினாள். கட்டிலைச் சுவரோரம் நிமிர்த்தி வைத்திருந்தார்கள். மண்தரையில் நாலு கால்களும் பதிந்த குழிகள் இருந்தன.

செங்கல்லை அதன் இடத்தில் வைத்தாள். மொத்தம் அரை மணிகூட ஆகவில்லை. இன்றைக்கு மில் இல்லை. கஞ்சி காய்ச்ச வேண்டாம், யாரையும் புரட்டிப் படுக்க வைக்க வேண்டாம். கிளையை வெட்டியும் எங்கிருந்தோ பறந்து வந்த புங்க இலைகள் தண்ணீரில் கிடந்தன. வலைக்கழியை எடுத்தவள், அதைத் திரும்பச் சுவரில் சாய்த்துவிட்டுக் கரையில் குந்தினாள். கையை நீட்டி ஒரு இலையை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அடுத்ததற்குக் கையை நீட்டினாள்.