நாலாம் வாய்க்கால் சைக்கிள்

சின்னராசா யாழ்ப்பாணத்து ரயிலிலிருந்து கிளிநொச்சியில் இறங்கியபோது மணி இரண்டு. ஸ்டேஷன் வேலியில் அவன் சாத்திவிட்டுப் போன சைக்கிளைக் காணவில்லை.

நாலு மணிக்கு அவனுடைய வயலுக்குத் தண்ணீர் முறை. அந்த நேரம் மதகடியில் ஆள் நிற்காவிட்டால் தண்ணீர் அடுத்த வயலுக்குப் போய்விடும். இனி எட்டு நாள் பொறுக்க வேண்டும். நெல் பால் பிடிக்கிற பருவம். எட்டு நாள் காய்ந்தால் பதரைத்தான் அள்ளலாம். வயல் இருக்கும் நாலாம் வாய்க்கால் குடியேற்றத் திட்டத்துக்குப் பத்து மைல். நடந்தால் பொழுது பட்டுவிடும்.

தெருக் கூட்டிக்கொண்டு நின்ற ஊர்ச் சபை வேலையாள் வீரகத்தி நிமிர்ந்தான்.

"பதினாலு நாளுக்கு மேல பொது இடத்தில நிண்டால் அநாதைச் சைக்கிளாம். நான்தான் சபைக்குக் கொண்டுபோனனான். உன்ர சைக்கிள் ஏறி ஓடுறதிலும் உருட்டுறதுக்குச் சுகம்."

"என்ர இல்லை அண்ணை, பொது," என்று சொல்லிக்கொண்டே சின்னராசா ஓடினான்.

உண்மைதான். அது நாலாம் வாய்க்காலின் ஆறு வீட்டுக்கும் பொது. ரயிலுக்குப் போகிறவர் வேலியில் சாத்திவிட்டுப் போவார். வந்து இறங்குகிறவர் அதில் ஏறி வருவார். பூட்டுக் கிடையாது. தங்கையின் கலியாணத்துக்குப் போகும்போது சின்னராசா அதைச் சாத்தியது பதினாறு நாளுக்கு முன். இடையில் வந்த தண்ணீர் முறைக்குப் பக்கத்து வயல்காரன் மதகடியில் நின்றான். பிறகு வயலை விட்டு ஒருவரும் ரயிலேறவில்லை.

சபைக் கந்தோரில் பக்கத்து வயல்காரன் யோகநாதன் ஏற்கெனவே குந்தியிருந்தான். காலையில் யாருடைய வண்டிலிலோ வந்தவன், திரும்பிப் போக இந்தச் சைக்கிளைத்தான் நம்பியிருந்தான்.

"ஆற்ற சைக்கிள்?" என்றார் கிளாக்கர் பரமலிங்கம்.

"ஆறு வீட்டின்ர ஐயா," என்று சின்னராசா யோகநாதனைக் காட்டினான். "இரும்புச் சட்டம் இந்த அண்ணையின்ர, முன்சில்லு என்ர, பின்சில்லு சிவனேஸ்வரி அக்காவின்ர…"

"அப்ப நீர் முன்சில்லில ஏறிப் போம். இந்தத் தாளில ஒரு பேருக்குத்தான் இடம். மூண்டு மணிக்குப் பூட்டுவன்."

சொந்தக்காரன் என்றால் என்னவென்று இருவருக்கும் தெரியும். டியூப் ஒட்டுவது அவன், சங்கிலிக்கு எண்ணெய் விடுவது அவன், வருடாவருடம் லைசன்ஸ் எடுப்பதும் அவன். ஒரு முழ வரம்புக்காகக் கத்தி தூக்குகிற நாலாம் வாய்க்காலில், இந்தச் சைக்கிளை மட்டும் ஐந்து வருடமாக ஒருவரும் 'என்னுடையது' என்று சொன்னதில்லை.

"அண்ணை, உங்கட பேரைப் போடுங்கோவன். சட்டம் உங்கடதானே."

"அது போன வருசம் முறிஞ்சு ஒட்டின சட்டம், தம்பி. பாதி ஒட்டினவனுக்குச் சொந்தம்."

"முன்சில்லில பாதிக் கம்பி இல்லை அண்ணை."

"எனக்கு அவசரமில்லை," என்று யோகநாதன் காலை நீட்டினான். "எனக்கு முறை நாளையிண்டைக்குத்தான்."

சுவர் மணிக்கூடு இரண்டு நாற்பதைக் காட்டியது. சின்னராசா பேனையை வாங்கிக் கையெழுத்துப் போட்டான். கிளாக்கர் மை ஒற்றினார். "இனி ஆர் கேட்டாலும் உம்மட சைக்கிள். லைசன்சுக்கு அடுத்த கிழமை வாரும்."

கொளுத்தும் வெயிலில் சின்னராசா மிதித்தான். கரியரில் ஏறியிருந்த யோகநாதன் அரை மைல்கூடப் பொறுக்கவில்லை.

"தம்பி, உன்ர கரியர் குத்துது. ஒரு சாக்கு மடிச்சுக் கட்டன்."

"இவ்வளவு நாளும் குத்தேல்லையோ?"

"இவ்வளவு நாளும் ஆரிட்டச் சொல்லுறது?"

மதகடிக்கு வந்தபோது நாலுக்கு ஐந்து நிமிடம் இருந்தது. யோகநாதன் குதித்திறங்கி வாய்க்கால் கரையால் வீடு வீடாகக் கதை சொல்லிக்கொண்டு போனான். சின்னராசா மதகடியில் கிடந்த மண்வெட்டியால் வரம்பை வெட்டினான். தண்ணீர் கலங்கி உள்ளே பாய்ந்து, வெடித்துக் கிடந்த மண்ணில் சளசளத்தது. அவனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அக்கரையில் சிவனேஸ்வரி அக்கா வந்து நின்றார்.

"தம்பி, நாளைக்குக் காலமை பிள்ளையை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோகவேணும். உன்ர சைக்கிளுக்குக் காத்தடிச்சு வை. பின்சில்லு சரியில்லை, அதையும் ஒருக்காப் பார்."

"பின்சில்லு உங்கடதானே அக்கா."

"பேர் உன்ரயாமே."

சின்னராசா வயலைப் பார்த்தான். தண்ணீர் பாதி வயலைத் தாண்டியிருந்தது.

"எத்தினை மணிக்கு அக்கா வேணும்?" என்றான்.