காமாட்சியம்மாள் அம்பயர் ஆன ஞாயிறு

பாண்டிச்செல்விக்கு ஏ ஷிப்ட் என்றால் கொள்ளைப் பிரியம். விடிவதற்கு முன்னால் எழுந்து கம்பெனி பஸ்ஸுக்கு ஓட வேண்டுமே என்று ஹாஸ்டலில் மற்றவர்கள் புலம்புவார்கள். அவள் மட்டும் கேட்டு வாங்கிக்கொள்வாள். காரணம் இங்கிலாந்து. அங்கே இந்தியா ஆடும் டெஸ்ட் மேட்ச் தொடங்கும்போது இங்கே மணி மூன்றரை. இரண்டு மணிக்கு, கம்பெனியில் வயர்களைக் கட்டும் வயர் லைனில் வேலை முடித்து, இருங்காட்டுக்கோட்டையில் இறங்கி, முகம் கழுவிக்கொண்டு ஹாஸ்டல் சாப்பாட்டு ஹாலில் உட்கார்ந்தால் முதல் பந்தே கிடைத்துவிடும்.

டி.வி. வார்டன் காமாட்சியம்மாளுடையது. ஆறரைக்கு சீரியல் தொடங்கும்வரை பெண்கள் எதை வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் அவளும் அங்கேயே உட்கார்ந்துதான் இரவுச் சமையலுக்குக் காய் நறுக்குவாள். முதல் டெஸ்டில் அவள் கேட்டது ஒரே கேள்வி: "இது இன்னும் முடியலியா?" இரண்டாவது டெஸ்டில் கேள்விகள் பெருகின. மூன்றாவது டெஸ்டில் அவள் சீரியல் பார்ப்பதே நின்றுபோனது.

"பந்து மட்டையில பட்டுச்சுன்னு அவனுக்கே தெரியும். அப்புறம் இன்னாத்துக்கு ஒண்ணும் தெரியாத மாதிரி நின்னுகினு கீறான்?" என்றாள் ஒரு நாள், பீர்க்கங்காயும் கையுமாக.

"அம்பயர் கை தூக்கலல்லாக்கா. அதப் பாக்கத்தான அவருக்குச் சம்பளம்? நாமளா எதுக்குப் போகணும்?" என்றாள் பாண்டிச்செல்வி.

"அது பொய்யில்லியா?"

"அவன் வாயே தொறக்கலயே. பேசாம நிக்கது எப்படிக்கா பொய்யாகும்?"

"போன மாசம் ஃபிரிட்ஜுல வெச்ச மீன் குழம்பு காணாம போச்சு. அப்பகூட நாப்பது பேரும் பேசாமதான்டி நின்னீங்க."

சாப்பாட்டு ஹால் அதிர்ந்து சிரித்தது. பாண்டிச்செல்வியின் அறைத்தோழி சசிரேகா கையே தட்டினாள். தேனிக்காரியான அவள் அதே கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷன், காமாட்சியம்மாள் கட்சி. "விளையாட்டுன்னா ஒரு நேர்மை வேணும்" என்பது அவள் வாதம். "ரூல்ல இருந்தா எல்லாம் நேர்மைதான்" என்பது பாண்டிச்செல்வியின் வாதம். பந்து போடும் முன்பே கோட்டைத் தாண்டி ஓடுகிறவனை பவுலர் ரன் அவுட் செய்யலாமா என்று இருவரும் ஒரு மாலை முழுக்கச் சண்டை போட்டதில், இந்தியாவின் இரண்டு விக்கெட் விழுந்ததைக்கூட யாரும் கவனிக்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் கம்பெனியில் பெண்களுக்கு டென்னிஸ் பந்துப் போட்டி அறிவித்தார்கள். ஆறு ஓவர். வயர் லைனும் பேக்கிங்கும் மோத வேண்டியது. ஞாயிற்றுக்கிழமை தண்டலம் பக்கத்தில் ஒரு காலி மைதானத்தில் எல்லோரும் கூடிவிட்டார்கள். அம்பயராக வரவேண்டிய ஆள் மட்டும் வரவில்லை. புளிசாத டிரம்மோடு ஆட்டோவில் வந்து இறங்கிய காமாட்சியம்மாளைப் பார்த்ததும் வயர் லைன் கேப்டன் நாச்சியாருக்கு அவளையே அம்பயராக்கும் யோசனை வந்தது. இரண்டு டீமும் வார்டனின் ஹாஸ்டல்தான்.

"எனக்கு எல்லாரும் ஒண்ணுதான். ரெண்டு பக்கத்துக்கும் ஒரே சோறுதான் போடறேன்" என்று காமாட்சியம்மாள் ஒப்புக்கொண்டு, பந்து எண்ணுவதற்கு ஆறு கூழாங்கல்லைப் பொறுக்கிக்கொண்டாள்.

பேக்கிங் முதலில் ஆடியது. சசிரேகா விளாசினாள். ஐந்தாவது ஓவர் போட வந்த பாண்டிச்செல்வி, தன் பக்கத்து முனையில் நின்ற சசிரேகா ஒவ்வொரு பந்தும் போடும் முன்பே கோட்டைத் தாண்டி இரண்டடி போய்விடுவதைக் கவனித்தாள். மூன்றாவது பந்துக்கு ஓடிவந்தவள், போடாமல் நின்று, ஸ்டம்பைத் தட்டிவிட்டாள்.

"அடிப்பாவி" என்றாள் சசிரேகா.

பாண்டிச்செல்வி வார்டனைப் பார்த்தாள். இந்தம்மா எங்கே அவுட் கொடுக்கப்போகிறாள், நேர்மை, மரியாதை என்று ஒரு பாட்டம் திட்டத்தான் போகிறாள் என்று நினைத்தாள். காமாட்சியம்மாளோ குனிந்து கோட்டைப் பார்த்தாள்.

"சசி, நீ கோட்டுக்கு வெளிய இருந்தியா?"

"இருந்தேங்க்கா. ஆனா..."

"டைமுக்கு முன்னாடி ஹாஸ்டல் கேட்டைத் தாண்டினா நான் இன்னா பண்ணுவேன்?"

நாற்பது பெண்களுக்கும் அது தெரியும். பெயர் நோட்டில் ஏறும், அந்த வார ஞாயிறு அவுட்டிங் ரத்து.

"அவுட்டு. போ."

சசிரேகா மட்டையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, பாண்டிச்செல்வி பக்கம் திரும்பாமலே போனாள். ரூல்படிதானே செய்தோம் என்று பாண்டிச்செல்வி தனக்குத்தானே நாலு தடவை சொல்லிக்கொண்டாள். அடுத்த மூன்று பந்தும் வைடு.

நாற்பத்திரண்டு ரன் எடுத்தால் வயர் லைனுக்கு ஜெயம். சரசரவென்று விக்கெட்டுகள் போய், கடைசி ஜோடியாக நாச்சியாரும் பாண்டிச்செல்வியும் நின்றார்கள். நாலு பந்து, மூன்று ரன். பாண்டிச்செல்வி கண்ணை மூடிக்கொண்டு மட்டையை ஒரு சுற்றுச் சுற்றினாள். மட்டையின் விளிம்பில் பூனை நாக்கு பட்ட மாதிரி ஒரு சின்ன உரசல். பந்து பின்னால் கீப்பர் சசிரேகாவின் கையில்.

"அவுட்டு!" என்று பேக்கிங் மொத்தமும் கத்தியது.

காமாட்சியம்மாள் போனில் இருந்தாள். "சிலிண்டர்காரம்பா, ரெண்டு நாளா இழுத்தடிக்கிறான்" என்றபடி போனை இடுப்பில் செருகினாள். "இன்னா ஆச்சு? நான் பாக்கலியே. செல்வி, பட்டுதா?"

"அத நீங்கதான் சொல்லணும்க்கா. நீங்கதான அம்பயர்."

"அம்பயர்தான் கேக்கறேன். உன் கை, உன் மட்டை. பட்டுதா, இல்லியா?"

எந்த அம்பயரும் பேட்ஸ்மேனிடம் இப்படி நேருக்கு நேர் கேட்டு பாண்டிச்செல்வி பார்த்ததில்லை. பேசாமல் நிற்கலாம் என்றால், மீன் குழம்பு ஞாபகம் வந்து தொலைத்தது. நாச்சியார் தூரத்திலிருந்து தலையை வலமும் இடமுமாக ஆட்டிக்கொண்டே இருந்தாள், கழுத்து சுளுக்கிக்கொள்ளும் அளவுக்கு. காமாட்சியம்மாள் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பதிலுக்காகப் பொறுமையாக நின்றாள்.

"லேசா" என்றாள் பாண்டிச்செல்வி. "ரொம்ப லேசாக்கா."

"லேசாப் பட்டா அவுட்டா, இல்லியா?"

"...அவுட்டுதான்."

"அப்ப போ."

பேக்கிங் பெண்கள் மைதானத்தைச் சுற்றி ஓடினார்கள். நாச்சியார் மட்டையைத் தரையில் போட்டுவிட்டு டிரம் பக்கம் போய், யாரையும் பார்க்காமல் சாப்பிட உட்கார்ந்தாள்.

பாண்டிச்செல்வி தட்டோடு ஒரு வேலிக்கல் ஓரமாகத் தனியாக உட்கார்ந்தாள். சசிரேகா வந்து பக்கத்தில் அமர்ந்து, தன் தட்டிலிருந்த அப்பளத்தில் பாதியை உடைத்து அவள் தட்டில் போட்டாள்.

"நெசமாவே பட்டுச்சாடி?"

"ஏன், உனக்குக் கேக்கலயா?"

"எனக்கெங்க கேட்டுச்சு? பந்து கைக்கு வந்துச்சு, எல்லாரும் கத்துனாளுக, நானும் கத்துனேன்."

பாண்டிச்செல்விக்குப் புரையேறியது. சசிரேகா அவள் தலையில் தட்டத் தட்ட, இருமலோடு சிரிப்பும் சேர்ந்துகொண்டு நிற்கவே மாட்டேன் என்றது. சசிரேகாவும் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

அதைக் கேட்ட நாச்சியார் தட்டை எடுத்துக்கொண்டு ஆட்டோவுக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள். திங்கட்கிழமை முழுக்க லைனில் அவள் பாண்டிச்செல்வியோடு பேசவில்லை. செவ்வாய்க்கிழமை மதியம் கேன்டீனில்தான் வாய் திறந்தாள்.

"ஏட்டி, அடுத்த தடவ நீ பவுலிங் மட்டும் போடு. பேட்டைத் தொட்ட, கைய ஒடச்சுருவேன்."