சேர்த்துப் போடாத குளிசைகள்

“சத்தம் போடாம இருங்கப்பா. ஒரு மணித்தியாலம்தான்” என்று சொல்லிவிட்டு, தனுஷா சீமெந்து மூட்டைகள் கிடந்த பின்னறையின் கதவைச் சாத்தினாள். நல்லரத்தினத்துக்குப் பேச்சே வராது. பாரிசவாதத்தில் வலப்பக்கம் விழுந்து இரண்டு மாதமாகிறது. கொக்கட்டிச்சோலையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வரும் அவசரத்தில் மகளுக்கு அது மறந்துபோயிருக்கலாம். பெண்ணின் தாய் பாயில் கிடக்கிறாள் என்று முந்தின சம்பந்தத்தையே விட்டவர்கள் அவர்கள். கலியாண எழுத்து முடிந்த பிறகு தெரிந்தால் தெரியட்டும் என்று வீட்டில் முடிவாகியிருந்தது.

வீடு அவர் கட்டியது. பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் இந்தப் பக்கத்தில் கலியாணம் ஏது? மூத்தவள் வதனிக்கு ஒன்று கட்டிக் கொடுத்தாயிற்று. தகப்பன் மேசனாக இருக்கும்போது இளையவளுக்குக் கட்டக் கூலிக்கு ஆள் எதற்கு என்று எல்லோரும் நினைத்தார்கள். அவரும்தான் நினைத்தார். ஆனால் ஏணியில் கால் வைத்தால் முழங்காலில் உயிர் போனது. வதனியின் புருஷன் விஜிதரன் பார்மசியில் டைக்ளோபினாக் வாங்கி வந்தான். ஒரு குளிசையில் நோவு போன இடம் தெரியவில்லை. அதை அவர் கிளினிக்கில் சந்தோஷமாகச் சொல்லப்போக, தாதி எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

“வால்வு மாத்தின ஆள் நீங்க. ரெத்தம் கட்டாம இருக்க வோபரின் போடுறீங்க. அதோட இதையும் போட்டா வயித்துக்குள்ள ரெத்தம் கசியும் ஐயா. ரெண்டையும் சேத்துப் போடப்படாது. நோவுக்கு வேற மருந்து டொக்டரிட்டக் கேளுங்க.”

டொக்டரின் வரிசை நீளம். வீட்டில் பூச்சு வேலை பாதியில் நின்றது. அவர் திரும்பி வந்துவிட்டார்.

“சேத்துத்தானே போடப்படாது மாமா?” என்றான் விஜிதரன். “பூச்சு முடியுமட்டும் வோபரின நிப்பாட்டுங்க. மறுகா போடலாம்.”

நல்லரத்தினத்துக்கும் அது நியாயமாகவே பட்டது. முழங்கால் நோவு தெரிகிறது. வோபரின் உடம்புக்குள் என்ன செய்கிறது என்று ஒரு நாளும் தெரிந்ததில்லை. பாழாய்ப்போன புத்தி. பதினெட்டாம் நாள், கடைசிச் சுவரின் மூலையில் பூச்சுக் கரண்டி கையை விட்டு விழுந்தது. பின்னாலேயே அவரும் விழுந்தார். மூளைக்குள் ரத்தம் கட்டியது எப்படி என்று ஆஸ்பத்திரியில் கேட்டபோது, “கிழவர் குளிசைய ஒழுங்காப் போடுறல்ல” என்றான் விஜிதரன். அவர் கேட்டுக்கொண்டுதான் கிடந்தார்.

வெளியே வான் வந்து நின்றது.

“அப்பா எங்க புள்ள?” மாப்பிள்ளையின் தாய்.

“வட்டைக்குப் போயிட்டார் மாமி. வயலுக்குத் தண்ணி பாயுற நாள்.” தனுஷாவின் குரல் கொஞ்சமும் பிசகவில்லை.

காலடிகள் அறை அறையாக வந்தன. பின்னறைச் சுவரை அந்தப் பக்கமிருந்து யாரோ விரலால் தட்டிப் பார்த்தார்கள்.

“பூச்சு நல்லாக் கிடக்கு. ஆர் மேசன்?”

“வெல்லாவெளி ஆள் ஒருத்தன். கூலிக்குப் பிடிச்ச” என்றான் விஜிதரன். பெண்ணின் தகப்பனே சாந்து குழைத்த வீடு என்றால் மதிப்பில்லை.

நல்லரத்தினத்தின் இடக்கை தானாக எழுந்தது. சுவர் எட்டும் தூரம்தான். ஒரு தட்டுப் போதும். அந்தப் பக்கம் மறுபடியும் தட்டினார்கள். அவர் இடக்கையை இறக்கித் தொடைக்கடியில் செருகி, உடம்பின் முழுப் பாரத்தையும் அதன்மேல் போட்டு உட்கார்ந்தார்.