புள்ளி விழாத ஆகாயத்தாமரை

1

இந்தக் கதை ஒரு விழா மலருக்காகப் பிறந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்கள் ஊராட்சித் தலைவர் இராஜாங்கம் கேட்டார்: "ஊர்ப் பெருமையா ஒண்ணு எழுதிக் குடுங்க. ரெண்டு பக்கம். அதுல ஒரு பக்கம் என் போட்டோ."

மீதி ஒரு பக்கத்துக்கு எழுதியதுதான் இது. மலரில் வரவில்லை.

முதல் வரி: "பொன் விளையும் சோழவள நாட்டில்..." [அடித்துவிட்டேன். எங்கள் வடிகாலில் விளைந்தது ஆகாயத்தாமரை. கரைக்குக் கரை பாய் விரித்த மாதிரி.]

2

சரி, நிஜமான தொடக்கம். மழைத் தண்ணீர் வடிய வழியில்லாமல் அம்சத்தின் ஆறு மா நிலத்துச் சம்பா நெல் இரண்டு வருடமாக அழுகியது. இளவயதில் கூலிக்கு நாற்று நட்ட வயலையே பிறகு விலைக்கு வாங்கியவர் அம்சம். மகள் பூவிழி தாவர மரபணு ஆராய்ச்சியில் டாக்டர். (இந்த இடத்தில் நையாண்டி செய்யப் பார்த்தேன். வரவில்லை. பெருமையாக இருக்கிறது, விடுங்கள்.)

வடிகாலில் ஐம்பது இடங்களில் இலை கிள்ளி, மரபணுவைப் படித்தார் பூவிழி. நாற்பத்தொன்பது ஒரே செடியின் நகல்கள். அந்த ரகத்தைத் தாக்கும் பூஞ்சையைத் தேடிப்பிடித்து வடிகால் முழுக்கத் தெளித்தார். இலைகளில் பழுப்புப் புள்ளி விழுந்தது. செடிகள் வாடத் தொடங்கின. அம்சத்தின் வயலுக்குப் பின்னால் இருந்த ஐம்பதாவது மட்டும் வேறு ரகம். அதில் ஒரு புள்ளிகூட விழவில்லை.

"இது ஒரு துண்டு தப்பிச்சாலும் போதும்மா, அடுத்த மழைக்கு வடிகால் பூரா இதுதான். இதைக் கொல்ற பூஞ்சையைக் கண்டுபிடிக்கணும். அதுவரைக்கும் இது உசுரோட இருக்கணும்."

"கொல்றதுக்காகக் காபந்து பண்ற?"

"ஆமா."

"நல்ல படிப்புடி."

அந்தச் செடியைச் சுற்றி நான்கு மூங்கில் நட்டார்கள்.

3

[பழைய வரைவில் பூவிழிக்கு வெள்ளைக் கோட்டு போட்டிருந்தேன். இடுப்பளவு சேற்றில் நிற்பவருக்கு எதற்குக் கோட்டு? கழற்றிவிட்டேன்.]

ஆராய்ச்சியைப் பார்க்க ஒரு பெரிய அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. விருந்தாளி வரும்போது வீட்டைக் கூட்டாமல் இருப்பார்களா? முதல் நாளே இராஜாங்கம் ஜேசிபி விட்டு வடிகாலை வழித்தெடுத்துவிட்டார். நான்கு மூங்கிலை மட்டும் மரியாதையாக விட்டுவைத்து, மாவிலைத் தோரணம் கட்டியிருந்தார்.

"தலைவரே, உள்ள இருந்த செடி எங்க?" பூவிழி மூங்கில்களுக்கு நடுவே எட்டிப் பார்த்தார்.

"பெரியவங்க வர்ற இடம் பாப்பா. குப்பையையா காட்டுறது?"

"அதைப் பாக்கத்தானே அவரு வர்றாரு!"

இராஜாங்கம் யோசித்தார். "போட்டோ எடுத்து வச்சிருப்பியே?"

4

கரையில் ஆள் உயரத்துக்கு அள்ளிப்போட்ட குவியல். தாயும் மகளும் அதைக் கிளறினார்கள். தேடியது புள்ளி இல்லாத ஓர் இலை. வந்ததெல்லாம் புள்ளி.

அதிகாரியை வரவேற்கப் போட்ட பந்தலில் கைதட்டல். அம்சம் நிமிர்ந்து பார்த்தார். மேடையில் இராஜாங்கம், ஊதாப் பூவோடும் வேரோடும் ஒரு செடியை, பாலிதீன் சுற்றி ரிப்பன் கட்டி, அதிகாரியிடம் நீட்டிக்கொண்டிருந்தார். மைக் முழங்கியது: "இருந்ததுலயே சுத்தமான செடிங்க சார்! நானே பொறுக்கி எடுத்தேன். ஒரு புள்ளி கெடையாது!"

"பூவு," என்றார் அம்சம், "அங்க பாரு."

5

முடிவு அ: அதிகாரி நெகிழ்ந்து செடியைத் திருப்பித் தருகிறார். அனைவரும்... [மலருக்கான முடிவு. வேண்டாம்.]

முடிவு ஆ: போகிற வழியில் ஆற்றுப் பாலத்தில் கார்க் கண்ணாடி இறங்குகிறது, பொக்கே தண்ணீரில் விழுகிறது, பிறகு டெல்டா முழுக்க... [என் குசும்பு. அம்சத்துக்கு அந்த அநியாயம் செய்ய மாட்டேன்.]

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: கார் கிளம்பிவிட்டது. முழங்கால் சேற்றோடு அம்சம் குறுக்கே ஓடி நின்றார்.

"அம்சம், வழிய விடு! மானம் போவுது!" இராஜாங்கம் கத்தினார்.

"எம்பொண்ணு படிச்ச படிப்பு போவுது தலைவரே, உங்க மானத்தை அப்புறம் பாப்போம்."

பின்பக்கக் கண்ணாடியைத் தட்டினார்.

"சார், அந்தச் செடியை எம்பொண்ணுகிட்ட குடுங்க. அவ அதை இன்னும் படிச்சு முடிக்கல."

அந்த அதிகாரிக்கு நான் பெயரும் வைக்கவில்லை, முகமும் கொடுக்கவில்லை, கவனித்திருப்பீர்கள். பின்சீட்டில், மடியில் செடியோடு உட்கார்ந்திருப்பது நீங்கள்தான்.

கண்ணாடியை இறக்குங்கள்.