துணி மேல் வைத்த நாவல்

எங்கள் வீட்டில் யாருக்கும் புத்தகம் படிக்கும் பழக்கம் கிடையாது. அந்தத் தைரியத்தில்தான் ஆஸ்பத்திரிச் சீட்டை அந்தத் தடி நாவலுக்குள் ஒளித்து வைத்தேன். நான் தையல்காரி. யாரோ வாடிக்கைக்காரர் மறந்து விட்டுப்போன குடும்பக் கதை அது. வெட்டும்போது துணி நகராமல் இருக்க அதைத்தான் பாரமாக வைப்பேன். வேறு எதற்கு உதவும் அது?

சீட்டில் இருந்தது இதுதான்: மார்பில் கட்டி, அடுத்த செவ்வாய்க்கிழமை காலை சதை எடுத்துச் சோதிக்க வேண்டும், தள்ளிப்போடக் கூடாது. லாரி ஓட்டும் என் வீட்டுக்காரரோ காலை உடைத்துக்கொண்டு மாவுக்கட்டோடு கிடந்தார். இந்த நேரத்தில் இது வேறா? அவர் எழுந்து நடமாடட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

புதன்கிழமை நூல் வாங்கிவிட்டு வந்தால், மனுஷன் கையில் அந்த நாவல்!

“இதென்ன புதுசா?”

“பொழுது போகலடி. எடுத்ததுமே மூத்த மருமகளை யாரோ மாடி ரூம்ல வெச்சு வெளியில தாழ்ப்பாள் போட்டுட்டாங்க. வீட்ல ஏழு பேர். ஒருத்தரும் வாயத் திறக்க மாட்டேங்கறாங்க.”

“துணி நகருது, குடுங்க.”

“இஸ்திரிப் பெட்டிய வை.”

சாப்பிடும்போதும் விடவில்லை. தூங்கும்போது தலையணைக்கடியில். மறுநாள் அவர் நொண்டிக்கொண்டு குளியலறைக்குப் போனதும் பாய்ந்து எடுத்து உதறினேன். சீட்டு இல்லை. வெட்டுத்துணி மூட்டையைக் கொட்டிக் கிளறினேன், அங்கும் இல்லை. மறுபடி புத்தகத்தைப் புரட்டியபோது, அந்த மருமகள் கதவிடுக்கு வழியாகக் கொழுந்தனைக் கூப்பிடும் இடம் கண்ணில் பட்டது. பாவி, பதில் சொல்லாமல் நிற்கிறான்! ஒரு பக்கம் படித்தேன். இன்னொரு பக்கம். குளியலறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் புத்தகத்தைத் தலையணைக்கடியில் செருகினேன்.

அன்றிலிருந்து அவர் குளிக்கும் நேரம் எனக்குப் படிக்கும் நேரம். சீட்டைத் தேடுகிறேன் என்று எனக்கே பொய் சொல்லிக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். நினைப்பெல்லாம் சீட்டிலும் அந்த மாடி அறையிலும் இருந்ததில், ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் இடக்கையாகவே வெட்டித் தொலைத்தேன். இவருக்குத் தெரியுமா, தெரியாதா? முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. குளிக்க மட்டும் நாளுக்கு நாள் அதிக நேரம் எடுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை மாலை புத்தகத்தைக் கொண்டுவந்து வெட்டும் மேசையில் வைத்தார்.

“நீ விட்ட இடத்துல அடையாளம் வெச்சிருக்கேன்.”

திறந்தேன். என் சீட்டு. அதன் பின்பக்கம் அவருடைய கோணல் எழுத்து: ‘நாளைக்கு ஒன்பது மணி. கார் சொல்லியாச்சு. நானும் வரேன்.’

“நான் விட்ட இடம் உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“பக்கத்துக்குப் பக்கம் உன் சாக்கட்டி விரல் பதிஞ்சிருக்கே. அது நின்ன இடத்துல வெச்சேன்.”

“அப்ப சீட்டு?”

“புதன்கிழமை திறந்ததுமே மடியில விழுந்துது. நீயா சொல்லுவேன்னு பாத்தேன்.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “அஞ்சு நாளா வாயத் திறக்காம! அந்த ஏழு பேரோட நீங்களும் ஒருத்தர்!”

“நீயும் சேந்தா ஒம்போது.”

சிரிக்கப் பார்த்தேன். அழுகைதான் வந்தது. “பயமா இருக்குங்க.”

“எனக்கும்தான்,” என்றார். மாவுக்கட்டை இழுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டேன்: “அந்தத் தாழ்ப்பாளை யாராவது திறந்தாங்களா?”

“அதை மட்டும் சொல்ல மாட்டேன். அங்க காத்திருக்கும்போது நீயே படி.”

துணியின் மேல் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி வைத்தேன். புத்தகத்தை, சீட்டோடு சேர்த்து, கைப்பையில் வைத்துக்கொண்டேன்.