மீன் வறுவலுக்கு நடுவே ஒரு கருத்துக்கேட்பு

ஊர் முன்னேற்றத்துக்கென்று வாஷிங்டனிலிருந்து வரும் பணத்தை எங்கள் மாநிலம் எப்படிப் பிரிக்கப்போகிறது என்பதை, முடிவாகும் முன் ஊர் ஊராகப் போய் மக்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும். அது சட்டம். படித்துக் காட்டுகிறவள் நான். பல வருடங்களாகக் காலி நாற்காலிகளுக்குப் படித்துவருகிறேன்.

உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடித்தே இருந்தது. காலி நாற்காலி குறுக்கே பேசாது. ‘இதில் உன் எண்ணம் என்ன’ என்று கேட்டு என்னைத் திணறடிக்காது. படித்து முடித்து, ‘கருத்து எதுவும் வரவில்லை’ என்று குறித்துக்கொண்டு, சோள வயல்களுக்கு நடுவே தனியாகக் கார் ஓட்டித் திரும்புவேன்.

இந்த வருடம் அது முடியவில்லை. பணம் நான்கு பங்காகப் பிரியும்: குடிநீர், வீடு பழுதுபார்ப்பு, கடைவீதி, வேலை தரும் தொழில்கள். எங்கள் துறை இயக்குநர் குடிநீர்ப் பங்கைப் பாதியாக வெட்டி, வெட்டியதைக் கடைவீதியில் சேர்த்திருந்தார். கெட்ட மனிதர் அல்ல. கேட்டபோது கையை விரித்தார். “தண்ணி வேணும்னு யாரு வந்து சொன்னா, இர்மா? கடைவீதிக்காவது நாலு பேர் கடிதம் போடறாங்க. தண்ணிக்கும் யாராவது வந்து பேசட்டும், மாத்திடறேன்.”

யாரும் வரமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். நானே சொல்லலாமென்றால், அலுவலகத்துக்காரர் கருத்துச் சொல்லக் கூடாது. ரோஸ்டெக் போன்ற ஊர்களைத்தான் நினைத்துக்கொண்டேன். அங்கே வயலுக்குப் போட்ட உரம் கிணற்றுக்குள் இறங்கிவிட்டது. புதுக் கிணறு தோண்ட ஊரிடம் வசதியில்லை. குடிநீர்ப் பங்கு சுருங்கினால் அவ்வளவு சின்ன ஊரின் விண்ணப்பத்தை யாரும் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

கடைசிக் கூட்டம் ரோஸ்டெக்கில்தான். வெள்ளிக்கிழமை மாலை, தீயணைப்பு நிலையத்து மண்டபம். தெரு முழுக்கக் கார்கள். தீயணைப்பு வண்டி வெளியே நின்றது. ஏதோ விபத்து என்று பதறிக் கதவைத் திறந்தேன். எண்ணெய் வாசம் முகத்தில் அடித்தது. உள்ளே நீள மேசைகள், குழந்தைகள், அக்கார்டியன் வாத்தியம் வாசிக்கும் ஒருவர். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம், வெள்ளியன்று இறைச்சி கூடாது; அதற்கான மீன் விருந்து. ஊரே அங்கே இருந்தது.

தீயணைப்புத் தலைவர் லூமிர், மாவு படிந்த ஏப்ரனோடு ஓடி வந்தார். என் கையிலிருந்த காகிதக் கட்டைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“ஐயையோ, அது நீங்கதானா? காலண்டர்ல ‘வெள்ளி, மண்டபம்’னு ஒரு குறிப்பு இருந்துச்சு மேடம். மீன் விருந்தைத்தான் எழுதிருக்கேன்னு நெனச்சுட்டேன்!”

“இன்னிக்கு விட்டா வேற நாள் இல்லைங்க. ஒரு மூலை குடுங்க, போதும். படிச்சுட்டுப் போயிடறேன்.”

“மூலையா? பீர் பீப்பாய் பக்கத்துல நில்லுங்க. எல்லாரும் அங்க எப்படியும் வந்துதான் ஆகணும்.”

சாப்பாடு தயாரானதும் டோக்கன் நம்பரைக் கூப்பிடும் ஒலிபெருக்கியை என் கையில் திணித்தார். அக்கார்டியன் நின்றது. ஒலிப்பதிவுக் கருவியைப் பீப்பாய் மேல் வைத்தேன். இத்தனை முகங்களைப் பார்த்ததும் காகிதத்தில் கண்ணைப் புதைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தேன்.

“இத்திட்டத்தின் கீழ் நிதி ஒதுக்கீட்டு முறையானது...”

“நாப்பத்திரெண்டு! நாப்பத்திரெண்டாம் நம்பர் மீன் ரெடி!” என்று சமையல் பக்கத்திலிருந்து குரல் வந்தது. மண்டபமே சிரித்தது.

“மேடம், அதை மனுஷ பாஷையில சொல்லுங்களேன்!” என்றார் யாரோ.

காகிதத்தைக் கீழே வைத்தேன். ஏன் வைத்தேன் என்று இப்போதும் தெரியவில்லை. பயம் போய்விடவில்லை. அது பாட்டுக்கு ஒரு பக்கம் இருக்க, நான் பேசிக்கொண்டிருந்தேன். “ஒரு தொகை வருதுங்க. அதை நாலாப் பிரிக்கணும். இந்த வருஷம் கடைவீதிப் பங்கு பெருசாகுது. தண்ணிப் பங்கு பாதியாகுது.”

கோஸ் சாலட் பரிமாறிக்கொண்டிருந்த பிளாஞ்ச் கரண்டியை நிறுத்தினாள். ஊர் அலுவலக வேலை முழுக்க அவள் பொறுப்பு. “பாதியா? எந்தப் புண்ணியவான் யோசனை அது?”

“என்ன தப்பு?” என்று எழுந்தார் மளிகைக் கடை டெல்மர். “எங் கடை முகப்பு எப்ப விழும்னு நிக்குது. கடைவீதிக்கு வரட்டுமே!”

“உன் முகப்பை யாரு பாக்கறா டெல்மர்? உன் கடையிலேர்ந்து குனிஞ்ச தலை நிமிராம பாட்டில் தண்ணியைத் தூக்கிட்டு ஓடறோம்!” என்றாள் பிளாஞ்ச்.

“நல்ல தண்ணி வந்துட்டா அவன் கடைக்கு யாரு போவா? அந்தக் கவலை அவனுக்கு!” என்று இன்னொரு மேசை கத்தியது.

டெல்மரின் காது சிவந்தது. உட்கார்ந்துவிட்டார்.

பிளாஞ்ச் குழாயில் ஒரு தம்ளர் பிடித்து என்னிடம் கொண்டுவந்தாள். “பாருங்க, கண்ணாடி மாதிரி இருக்குல்ல? உள்ள கரைஞ்சிருக்கறது உரம். இதை எம் மக தன் கைக்குழந்தைக்குக் குடுக்க முடியாது. நீங்க என்ன சொல்றீங்க மேடம்?”

நான் பயந்திருந்த கேள்வி. இத்தனை வருடமாக அதனிடமிருந்துதான் ஒளிந்திருந்தேன் போலும். “நான் சொல்லக் கூடாதுங்க. நீங்க சொல்லலாம். பேரைச் சொல்லிட்டு இந்தக் கருவி பக்கமாப் பேசினா, அதுக்கு அரசாங்கம் பதில் எழுதியே ஆகணும்.”

 முதலில் டெல்மர்தான் நடந்து வந்தார். மண்டபம் கொஞ்சம் முணுமுணுத்தது. கடை முகப்புக்காகச் சண்டை போடப்போகிறார் என்றே நானும் நினைத்தேன்.

“எம் பேரு டெல்மர் ஹவ்லிச்செக். இந்த ஊருக்குத் தண்ணி விக்கறவன் நான்தான். அந்தப் பெட்டிகளைத் தூக்கித் தூக்கி என் முதுகு போச்சு. முகப்பு இன்னும் கொஞ்ச நாள் நிக்கும். தண்ணிப் பங்குல கை வெக்காதீங்க.” திரும்பியவர் மறுபடி கருவி பக்கம் குனிந்தார். “இதைச் சொல்ல வந்ததுல எம் மீன் ஆறிப்போச்சு. அதையும் எழுதிக்குங்க.”

கைதட்டலில் பீப்பாய் அதிர்ந்தது. அதன் பிறகு வரிசை கதவு வரைக்கும் போனது. பீர் வாங்க வந்தவர்களும் பேசினார்கள். வீடு பழுதுக்கு இன்னும் வேண்டும் என்று ஒருவர், வேலைதான் முக்கியம் என்று ஒருவர். வரிசையிலேயே சண்டை, சமாதானம், மறுபடி சண்டை. நான் கருவியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முகம் வலித்தது. வெகுநேரமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன் என்பது அப்புறம்தான் புரிந்தது.

பதிவானதை ஒரு சொல் விடாமல் தட்டச்சு செய்து இயக்குநருக்கு அனுப்பினேன். அடுத்த வாரம் கூப்பிட்டார்.

“இர்மா, நாப்பத்திரெண்டாம் நம்பர்னு ஒருத்தர் வர்றாரே, அவர் கருத்து என்ன?”

“மீன் ரெடி சார்.”

அவர் சிரித்து முடிக்க நேரமானது. “சரி, சொன்னேன்ல, மாத்திட்டேன். தண்ணிப் பங்கு பழையபடியே இருக்கட்டும். உனக்கு எப்படித் தோணுது?”

“சரியாத் தோணுது சார்,” என்றேன். குரல் நடுங்கவில்லை.

அன்று மதியமே லூமிருக்குப் போன் செய்தேன். “பங்கு திரும்பி வந்துடுச்சு. ஆனா அவசரப்படாதீங்க, கிணறு இன்னும் கிடைச்சிடலை. விண்ணப்பம் போடலாம், அவ்வளவுதான்...”

அவர் காதில் விழுந்திருக்காது. போனைக் கீழே போட்டுவிட்டு ஓடும் சத்தம் கேட்டது. அடுத்த கணம் ஊரின் தீ அபாயச் சங்கு வீறிட்டது. கதவுகள் படாரென்று திறந்தன. காலடிகள் ஓடிவந்தன. எல்லாவற்றுக்கும் மேலே பிளாஞ்சின் குரல்: “லூமிர், எங்கடா தீ?”

“தீ இல்ல பிளாஞ்ச், தண்ணி! தண்ணிப் பங்கு வந்துடுச்சு!”

சங்கை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. நானும் போனை வைக்கவில்லை.