கசப்புத் தண்ணியில் வாய் பிளந்த சிப்பிகள்

முத்துச்சிப்பியைக் கத்தியால நெம்பித் திறந்தா, ஓட்டை இழுத்து மூடுற சதை கிழிஞ்சிரும். அப்புறம் முத்து விளைய உள்ள மணியை வச்சு என்ன பிரயோசனம்? போன தடவை பாதிச் சிப்பி அப்படித்தான் செத்துச்சு. இந்தத் தடவையும் செத்தா, தருவைக்குளத்துல நான் போட்ட பண்ணையை மூட வேண்டியதுதான்.

அதனால உப்பு வாரின பிறகு உப்பளத்துப் பாத்தியில மிஞ்சுற கசப்புத் தண்ணியை வாங்கியாந்தேன். அதுல மெக்னீசியம் கொட்டிக் கெடக்கு. நல்ல தண்ணி கலந்து தொட்டியில ஊத்தினேன். கொஞ்ச நேரத்துல சிப்பிக ஒவ்வொண்ணா வாயைத் திறந்துச்சு. சந்தோசத்துல எனக்குத் தலைகால் புரியல.

இடுக்கி எடுத்துட்டு வாரதுக்குள்ள எம்புருசன் ரெக்சன் அம்புட்டையும் கூடையில அள்ளிட்டாரு. சங்கு குளிச்ச மனுசன். தொட்டும் மூடாத சிப்பி செத்த சிப்பி, உடனே தூக்கிப் போடணும், இல்லாட்டி மத்ததும் நாறிரும். சங்கு குளிக்கிறவுக வழக்கம் அது.

“ஏளா ஹில்டா, எல்லாம் போச்சு.”

“கூடையைக் கீழ வைங்க. சதைக்குள்ள பை பையா கால்சியம் இருக்கு. அது வெளிய வந்தாத்தான் சதை இறுகும். பையோட கதவைத் திறக்க ஏடிபின்னு ஒண்ணு, உடம்போட எரிபொருள், ஒத்தாசை பண்ணும். மெக்னீசியம் திறக்க விடாது. இது அங்கன போய் மறிச்சுதோ, நரம்புலயே மறிச்சுதோ, எனக்குத் தெரியாது. ஆனா சாகல.”

சொல்லிட்டுக் கூடையைப் பிடுங்கப் போனேன்.

“நம்ப மாட்டியோ, இந்தா பாரு”ன்னு, நான் தடுக்குறதுக்குள்ள ஒண்ணை அறுத்து விரிச்சுட்டாரு. வாயில வந்ததெல்லாம் சொல்லி வஞ்சேன். அவரு குனிஞ்சு பாத்துக்கிட்டே இருந்தாரு. நானும் பாத்தேன். உள்ள இதயம் மெல்லத் துடிச்சுக்கிட்டு இருந்துச்சு.

மிச்சத்தை அள்ளிக் கடல்தண்ணித் தொட்டியில போட்டேன். ரொம்ப நேரம் ஒண்ணும் அசையல. அப்புறம் ஒண்ணு மூடுச்சு, பக்கத்துல இன்னொண்ணு. நான் அழுதுட்டேன்.

“கதவை அடைச்சாச்சுன்னா இந்த இதயம் மட்டும் எப்படிளா துடிக்குது?”ன்னாரு ரெக்சன்.

“தெரியலங்க.”

அறுத்ததை அவரு கீழ வைக்கல. துடிப்பு நின்ன பிறகும், ரெண்டு ஓட்டையும் சேத்து, கையாலயே மூடிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு.